பென்டிரைவ் ஷார்ட்கட் வைரஸ்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவன் நான். பென்டிரைவ் வைரஸ் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் சொல்கிறேன்.

தேவனாம்பட்டினம், கல்லூரி மாணவி: அண்ணா, பிரிண்ட் எடுத்துட்டு வந்ததிலிருந்து பென்டிரைவில் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டா ஆயிடுச்சு. திங்கட்கிழமை வைவா. ஃபார்மட் பண்ணிடவா?

பண்ணிடாதம்மா! உன் ஃபைல்கள் உள்ளேயேதான் இருக்கும். வைரஸ் அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைத்திருக்கிறது. அதை டபுள் கிளிக் செய்தால் முதலில் வைரஸ் ஓடும், கூடவே உன் ஃபோல்டரையும் திறந்து காட்டிவிடும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

சுத்தமான ஒரு கம்ப்யூட்டரில் செருகி, எதையும் கிளிக் செய்யாமல், வியூவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய். ஆப்ஷன்ஸுக்குப் போய் 'ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கை எடுத்துவிடு. இந்த இரண்டாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். மங்கலாக ஃபோல்டர்கள் தெரியும். சில வைரஸ்கள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளி வைக்கும், அதையும் திறந்து பார். வேர்டு, பிடிஎஃப், படங்களை மட்டும் காப்பி எடுத்துக்கொள். அப்புறம் ஃபார்மட் பண்ணு.

திருப்பாதிரிப்புலியூர், ஜெராக்ஸ் கடைக்காரர்: சார், எல்லாரும் என் கடையைத்தான் சொல்றாங்க. ஆன்டிவைரஸ் போட்டுத்தான் வச்சிருக்கேன்.

போட்டிருக்கிறீர்கள், சரி. கடைசியாக எப்போது அப்டேட் ஆனது? காலையில் ஒருவர் கொண்டுவந்த வைரஸ் உங்கள் மெஷினில் உட்கார்ந்துகொண்டு, புது டிரைவ் எப்போது வரும் என்று காத்திருக்கும். செருகிய சில நொடிகளில் தன்னைக் காப்பி செய்துவிடும். ஒரே டம்ளரில் ஊரே தண்ணீர் குடிக்கிற கதைதான். அதனால் பென்டிரைவை மட்டும் கழுவிப் பிரயோஜனமில்லை, முதலில் மெஷினைச் சுத்தம் செய்யுங்கள். விண்டோஸ் டிஃபெண்டரில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட விடுங்கள். விண்டோஸ் முழுதாகக் கிளம்புவதற்கு முன்பே தேடுவதால், ஓடிக்கொண்டிருக்கும் வைரஸ் ஒளிந்துகொள்ள முடியாது. முடிந்தவரை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ ஃபைல் வாங்குங்கள்.

குற்றம் சொல்ல எனக்கும் யோக்யதை இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் என் சர்வீஸ் பென்டிரைவே மூன்று வாடிக்கையாளர் வீடுகளுக்கு வைரஸைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மூன்று வீட்டுக்கும் மறுபடி போய் காசு வாங்காமல் சரிசெய்தேன்.

வில்லியனூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, செருகினாலே வைரஸ் ஏறிவிடும் என்கிறார்களே?

ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் சார். விண்டோஸ் எக்ஸ்பி நாட்களில், டிரைவில் உள்ள புரோகிராமைத் தானாகக் கிளப்பிவிடும் 'ஆட்டோரன்' என்ற வசதியை வைரஸ்கள் பிடித்துக்கொண்டன. 2008 நவம்பரில் கிளம்பிய கான்ஃபிக்கர் என்ற வைரஸ், டிரைவைச் செருகியதும் வரும் பெட்டியில் ஃபோல்டர் படத்தோடு 'ஃபைல்களைப் பார்க்கத் திற' என்று போலியாக ஒரு வரி காட்டியது. ஃபோல்டர்தானே என்று நாமே அழுத்தினோம். விண்டோஸ் 7 வந்தபோது பென்டிரைவுக்கு ஆட்டோரன் நிறுத்தப்பட்டது. எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் 2011 பிப்ரவரியில்தான் அந்த அப்டேட் பரவலாக வந்தது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் வேறு ரகம்: ஃபோல்டரைத் திறந்து ஐகான் கண்ணில் பட்டாலே ஓடும். அந்த ஓட்டையை அதே வருஷம் அடைத்தார்கள், முழுதாக அடைபடவில்லை என்று தெரிந்து 2015இல் மறுபடி அடைத்தார்கள். இன்றைக்குப் பெரும்பாலும் நம் விரல்தான் திறந்துவிடுகிறது.

நெல்லிக்குப்பம், கல்யாண போட்டோகிராபர்: கேமரா கார்டில் வைரஸ் வந்தா கேமரா கெட்டுடுமா?

கெடாது. விண்டோஸ் வைரஸ் கேமராவில் ஓடாது, கார்டு சுமந்துகொண்டுதான் திரியும். ஆல்பம் டிசைன் செய்யுமிடத்தில் கொடுக்கும்போது எஸ்டி கார்டின் ஓரத்திலுள்ள லாக்கைத் தள்ளிவிட்டுக் கொடுங்கள். பெரும்பாலான ரீடர்கள் அதை மதிக்கும்.

புதுச்சேரி, நேரு வீதி: பஸ் ஸ்டாண்டில் ஒரு பென்டிரைவ் கிடைச்சது. ஸ்கேன் பண்ணிட்டு யூஸ் பண்ணலாமா?

வேண்டாங்க. பென்டிரைவ் உருவத்தில் இருப்பது, கம்ப்யூட்டரிடம் 'நான் கீபோர்டு' என்று சொல்லிக்கொண்டு தானே கட்டளைகளைத் தட்டலாம். 'பேட்யூஎஸ்பி' என்று 2014இல் செய்தே காட்டினார்கள். அது பென்டிரைவ் சிப்பை இயக்கும் உள் புரோகிராமான ஃபர்ம்வேரில் இருப்பதால், ஃபைல்களைத் தேடும் ஸ்கேனில் அகப்படாது.

மறுபடி தேவனாம்பட்டினம்: அண்ணா, பெயரில்லாத ஃபோல்டரில்தான் இருந்தது, கிடைச்சிடுச்சு! ஆனா ஃபார்மட் பண்ணி காலேஜ் லேபில் போட்டதும் திரும்ப ஷார்ட்கட்.

அப்படியானால் லேப் மெஷினில்தான் இருக்கிறது. அங்கே உள்ளவர்களிடம் சொல்லிவிடு. ரிப்போர்ட்டை உன் மெயிலுக்கே இன்றிரவு அனுப்பி வைத்துக்கொள். திங்கட்கிழமை பென்டிரைவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ.