என்எஸ்1 இல்லை என்றால் டெங்கு இல்லையா?

கேள்வி: மகனுக்குக் காய்ச்சல் தொடங்கி ஆறாம் நாள் டெங்குவுக்கான இரத்தப் பரிசோதனையில் என்எஸ்1 பார்த்தோம், ‘இல்லை’ என்று வந்தது. ஆனால் ஐஜிஎம், ஐஜிஜி இரண்டும் ‘உண்டு’ என்கிறார்கள். எதை நம்புவது?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: அக்கா, இரண்டையும் நம்பலாம். என்எஸ்1 என்பது வைரசே விடுகிற புரதம், முதல் நாலைந்து நாளில்தான் நன்றாகப் பிடிபடும், அப்புறம் மறையத் தொடங்கிவிடும். ஐஜிஎம் நம் உடம்பு வைரசை எதிர்த்துச் செய்யும் எதிர்ப்புப் புரதம். ஏறக்குறைய ஐந்தாம் நாளில் தலைகாட்டி இரண்டு மூன்று மாதம் இருக்கும். அந்தச் சின்னப் பரிசோதனைக் கீற்றில் எந்தக் கோடு தெரியும் என்பதை, காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பதுதான் முடிவு செய்கிறது, அதனால் தொடங்கிய நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

ஐஜிஜியும் நம் உடம்பு செய்யும் எதிர்ப்புப் புரதம்தான், ஆனால் முதல்முறை டெங்கு என்றால் பிந்தித்தான் வரும். அது இவ்வளவு சீக்கிரம் வந்திருப்பதுதான் எனக்கு யோசனை. முன்பும் ஒருமுறை, தெரியாமலேகூட, டெங்கு வந்திருக்கலாம். டெங்குவில் 4 வகை. ஒன்றுக்கு உண்டான எதிர்ப்பு மற்றதைத் தடுக்காமல், சிலவேளை அந்த மற்ற வகை வைரஸ் உயிரணுக்களுக்குள் நுழையவே வழிவிடும். இரண்டாம் முறை கடுமையாவது அப்படித்தான்.

காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள், குருதிக்குழாயிலிருந்து நீர் கசிவது அந்த நேரத்தில்தான். வயிற்றுவலி, விடாத வாந்தி, பல் முரசில் இரத்தம், சோர்வு, எது கண்டாலும் இரவென்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பரசிட்டமோல் மட்டும் அளவோடு. புறூபன், அஸ்பிரின் வேண்டாம்.