பதில்: பயிற்சி முடிந்தும் செவிலியர்கள் குழந்தைகளிடம் மனநலம் பற்றிக் கேட்பதே இல்லை

இரண்டு நாள் வகுப்பு எடுத்தீர்கள், தேர்வில் எல்லோரும் நல்ல மதிப்பெண், மூன்று மாதம் கழித்தும் மனநலச் சிக்கல் உள்ளதாக ஒரு குழந்தைகூட அடையாளம் காணப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் இதே குழியில் விழுந்தவன்தான். செவிலியர்களுக்குத் தெரியாமல் இல்லை, கேட்க வாய் வரவில்லை.

அடுத்த முறை ஸ்லைடுகளைப் பாதியாகக் குறைத்துவிட்டு நடித்துப் பார்க்க விடுங்கள். காட்சி இப்படி: பத்து வயதுப் பையன், அடிக்கடி வயிற்றுவலி, பரிசோதனையில் ஒன்றுமில்லை. எந்தக் கேள்விக்கும் அம்மாவே முந்திக்கொண்டு பதில் சொல்கிறார். அம்மாவைப் புண்படுத்தாமல் எப்படி வெளியே உட்காரச் சொல்வது? தனியாக இருக்கும் பையனிடம் முதல் கேள்வி என்ன? எங்கள் குழுவில் ஒருவர் எடுத்ததுமே "உனக்கு மனச்சோர்வு இருக்கா?" என்றார். சிரித்துவிட்டோம், ஆனால் வகுப்பில் யாரும் அதற்கு மாற்று சொல்லித் தந்ததில்லையே! "ஸ்கூலுக்குக் கிளம்பும்போது வயிறு எப்படி இருக்கும்?" என்று தொடங்கினால் போதும்.

கருவி வேண்டுமென்றால் எஸ்டிக்யூ (SDQ) வினாத்தாள், பிள்ளைகளின் உணர்வு, நடத்தைச் சிக்கல்களைக் கண்டறிய உதவுவது. 25 கேள்விதான். பெற்றோர், ஆசிரியருக்குத் தனிப்படிவம் உண்டு, 11 வயது முதல் பிள்ளையே நிரப்பலாம். ஆனால் அது நோயை உறுதிசெய்யாது, வடிகட்ட மட்டும்தான்.

தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயமும் இருக்கும். அப்படி ஆகாது என்று அழுத்திச் சொல்லுங்கள்.

அப்புறம், பயிற்சிக்குப் பின் மாதம் ஒருமுறை அவர்கள் பார்த்த குழந்தைகளைப் பற்றிப் பேச ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? மனநல நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் எம்ஹெச்கேப் (mhGAP) திட்டமும் இந்தத் தொடர் மேற்பார்வையைத்தான் வலியுறுத்துகிறது.