ஸ்தோத்திரம் சொல்ல மறுக்கும் கணவர்

கடிதம்

ஆலோசகர் அவர்களுக்கு, கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

எனக்கு வயது 46. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம். தலைமுறை தலைமுறையாகச் சபையில் இருக்கிற குடும்பம். என் பாரமெல்லாம் என் வீட்டுக்காரர்தான். அவர் ஆண்டவருக்கு நன்றி சொல்லி ஸ்தோத்திரம் பண்ண மாட்டேன் என்கிறார்.

பதினாறு வருடம் ஓமானில் வெல்டிங் ஃபோர்மேனாக இருந்தார். போன வருடத் தொடக்கத்தில் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. கடைசி மூன்று மாதச் சம்பளமும் சர்வீஸ் பணமும் இதோ தருகிறோம், அதோ தருகிறோம் என்றார்கள். இன்றுவரை வரவில்லை. இப்போது பக்கத்து ஊர்ப் பட்டறையில் மாதம் 14,000 ரூபாய்க்குப் போகிறார். நான் தையலில் ஒரு 4,000 பார்க்கிறேன். மகள் நர்சிங் கடைசி வருடம். ஜெர்மனி போக வேண்டும் என்று மொழி படித்துக்கொண்டிருக்கிறாள். அது கூடிவருமா, வராதா, தெரியாது. மகன் பன்னிரண்டாம் வகுப்பு.

இதெல்லாம் தேவ சித்தம் என்று நான் ஏற்றுக்கொண்டேன். எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யச் சொல்லித்தானே வேதம் சொல்கிறது? அதனால் ராத்திரி குடும்ப ஜெபத்தில் ஆளுக்கு ஒரு காரியம் சொல்லி ஸ்தோத்திரம் பண்ண வேண்டும் என்று வைத்தேன். பிள்ளைகள் சொல்லுவார்கள். அவர் முறை வந்தால் தலையைக் குனிந்துகொள்வார். "சொல்லுங்க" என்றால், "எனக்கு வாய் வரல" என்பார். ஒரு நாள் இல்லை, தினமும் இதே கதை. எங்கள் சபைப் போதகரான ஐயர் வீடு சந்திக்க வந்தபோது ஒரு சாட்சி சொல்லச் சொன்னார். இவர் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். எனக்குத் தலை நிமிர முடியவில்லை.

நாத்தனார் மகன் கனடா போயிருக்கிறான். புது வீடும் கட்டிப் பிரதிஷ்டை பண்ணிவிட்டார்கள். "எங்க வீட்ல ஸ்தோத்திரபலி ஓயாது அண்ணி, அதான் ஆண்டவர் அள்ளிக் கொடுக்கார்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். அது எனக்குச் சொன்னதுதான். இவருடைய அவிசுவாசம்தான் எங்கள் ஆசீர்வாதத்தைத் தடுக்கிறது என்று எனக்கும் தோன்றுகிறது.

என் பங்குக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டு பொருத்தனை பண்ணின 50,000 ரூபாயை போன ஜூலையில் ஸ்தோத்திரப் பண்டிகையில் படைத்துவிட்டேன். மாதக் காணிக்கையையும் 2,000த்திலிருந்து 5,000 ஆக்கினேன் (இதற்கெல்லாம் அம்மா போட்ட ஐந்து பவுன் ஆரம் போன ஜூலையிலிருந்து அடகுக்கடையில் 1,20,000க்கு இருக்கிறது, இரண்டு ரூபாய் வட்டி, மொத்தமாகக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். அது மகளுக்கு என்று வைத்திருந்தது. அவருக்குத் தெரியாது. தை மாதம் ஒரு ஞாயிறு காணிக்கை போட முடியவில்லை, செவ்வாயே மகளுக்கு டெங்கு. அதிலிருந்துதான் கூட்டிக் கொடுக்கிறேன்). கொடுப்பதில் நான் தவறவில்லை. வாயைத் திறக்க அவருக்குத்தான் மனமில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கோயிலுக்குள் வராமல் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறார். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எல்லோரும் கேட்கிறார்கள்.

நான் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து ஜெபிக்கிறேன். பிறகு தூக்கம் வருவதில்லை. இவரை எப்படி நன்றியுள்ள மனுஷனாக மாற்றுவது? வழி சொல்லுங்கள்.

பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி உங்கள் கணவரைப் பற்றியது. நான் திரும்பத் திரும்பப் படித்தது அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்ட சில வரிகளை. ஆரம் அடகில் இருக்கிறது, அவருக்குத் தெரியாது, காணிக்கை தவறியதும் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று மணிக்கு உங்களை எழுப்பி உட்கார வைப்பது இதுதான். அவருடைய மௌனத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

முதலில் அந்தக் காய்ச்சல். டெங்கு ஏடிஸ் கொசுவால் வருவது. வடகிழக்குப் பருவமழை விட்டுப்போன தண்ணீர் தொட்டியிலும் சிரட்டையிலும் தேங்கி நிற்கும் காலம் அது. கொசு கடித்தவுடன் காய்ச்சல் வராது, பெரும்பாலும் 4 முதல் 10 நாள் ஆகும். ஞாயிறு காணிக்கை தவறியது, செவ்வாய் காய்ச்சல் என்றால், நீங்கள் வெறுங்கையோடு கோயிலில் உட்கார்ந்திருந்த அன்றைக்கே கிருமி மகளின் உடம்புக்குள் வந்தாயிற்று. ஆண்டவர் உங்கள் காணிக்கைப் பையைப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் மேல் கை வைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஏனென்றால் அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் நீங்கள் கொடுப்பதெல்லாம் நன்றிக் காணிக்கையாக இல்லை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று கட்டுகிற காப்புப் பணமாக அது மாறிவிட்டது.

நாளை என்ன ஆகும் என்று தெரியாதபோது மனது ஒரு பிடியைத் தேடும். "இதைச் செய்தால் அது நடக்காது" என்று இரண்டு சம்பவங்களை முடிச்சுப் போட்டுக்கொள்ளும். கொடுத்தவுடன் நெஞ்சு லேசாகும். சில நாளில் பயம் திரும்பி வரும். முன்பு போட்ட தொகை இப்போது போதாது என்று தோன்றும். 2,000 ரூபாய் 5,000 ஆனது இப்படித்தான். பயம் வரும்போதெல்லாம் பணத்தைக் கொடுத்து அதை அடக்கினால், அடுத்த முறை அது இன்னும் உரக்கக் கத்தும், கத்தினால் கிடைக்கிறது என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. பக்தி உள்ளவர்களுக்கு இது அதிகம் வருவதுண்டு. மனசாட்சி கூர்மையாக இருப்பவர்களைத்தான் இது சுலபமாகப் பிடிக்கும்.

வேதத்தில் யோபுவின் புத்தகத்தை எடுங்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்ற வசனத்தை எல்லோரும் சொல்லுவார்கள். அதற்குச் சற்று முன்னால், முதல் அதிகாரம் ஐந்தாம் வசனத்தைப் பாருங்கள். பிள்ளைகளின் விருந்து நாட்கள் முடிந்ததும், ஒருவேளை அவர்கள் பாவம் செய்திருப்பார்களோ என்று யோபு அதிகாலையில் எழுந்து, அவர்களுடைய இலக்கத்தின்படி சர்வாங்க தகனபலி செலுத்துகிறார். விடாமல் அப்படியே செய்துவந்தார் என்றும் எழுதியிருக்கிறது. நீங்களும் மூன்று மணிக்கு எழும்புகிறீர்கள். அத்தனை பலியிட்ட யோபுவின் பிள்ளைகள் அதே அதிகாரத்தில் வீடு இடிந்து மாண்டுபோகிறார்கள். காணிக்கையால் பிள்ளைகளுக்கு வேலி கட்ட முடியும் என்ற எண்ணத்தை வேதம் அங்கேயே உடைத்துவிடுகிறது. தேவ சித்தத்தை நம்புவது என்றால் பிள்ளைகளை வேலி இல்லாமலே அவர் கையில் விடுவது. அது கஷ்டம். கஷ்டம் என்று ஒப்புக்கொள்ளலாம், அதில் பாவம் ஒன்றும் இல்லை.

இப்போது உங்கள் கணவரிடம் வருகிறேன். உங்கள் மனம் நோகும், ஆனாலும் சொல்கிறேன்: அந்த வீட்டில் ஆண்டவர் முன்னால் உண்மையாக இருப்பவர் இப்போதைக்கு அவர்தான். பதினாறு வருட உழைப்புக்குக் கணக்குத் தீராமல் வந்த மனுஷன், பிள்ளைகள் பார்க்க ஒரு நல்ல காரியத்தை யோசித்துச் சொல்ல வேண்டும் என்றால் பொய்தான் சொல்ல வேண்டியிருக்கும். அவர் பொய் சொல்லவில்லை, "வாய் வரல" என்று உள்ளதைச் சொல்கிறார். கோயிலை விட்டு அவர் ஓடிப்போகவும் இல்லை. வேப்பமரத்தடியில் நின்று பாட்டும் பிரசங்கமும் காதில் விழுகிற தூரத்தில்தான் இருக்கிறார்.

யோபு மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபித்தார். சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள்: உன்னிடம் ஏதோ குறை இருக்கிறது, அதனால்தான் உனக்கு இப்படி. கடைசியில் கர்த்தர் யார்மேல் கோபப்பட்டார்? "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று அந்தச் சிநேகிதர்மேல்தான். உங்கள் நாத்தனார் பேசியது சிநேகிதர் பேச்சு. கேட்ட உங்களுக்கு வலித்தது. வலித்த கையோடு அதையே உங்கள் கணவர்மேல் வீசிவிட்டீர்கள்.

சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை. அதை யாரும் வேதத்திலிருந்து எடுத்துப் போடவில்லை. ஆகவே குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு ஸ்தோத்திரம் என்ற விதியை இன்றோடு நிறுத்துங்கள். பதிலுக்கு 13ஆம் சங்கீதத்தை ஒருவர் வாசிக்கட்டும். ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற முறையீடு, அடுத்த இரண்டில் விண்ணப்பம், கடைசி இரண்டில் நம்பிக்கை. யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவர் முதல் இரண்டு வசனத்தோடு நின்றுகொண்டால் நிற்கட்டும். மகனும் மகளும் வீட்டில் பயமில்லாமல் முறையிடலாம் என்று தெரிந்துகொள்வது அவர்களுக்கும் நல்லது.

ஆரத்துக்கு வருவோம். இரண்டு ரூபாய் வட்டி என்றால் மாதம் 2,400. உங்கள் வீட்டு வருமானம் 18,000, அதில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் 1,800. ஆண்டவருக்குரிய பங்கு என்று கணக்குப் போட்டால் வருவதைவிட அதிகமாக வட்டிக்காரருக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. வருடம் முடியும்போது வட்டி மட்டும் 28,800. அடகுச் சீட்டைப் புரட்டிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். தமிழ்நாட்டில் 1943ஆம் வருட அடகுச் சட்டப்படி மீட்பதற்கு ஒரு வருடமும் அதற்கு மேல் 7 நாளும்தான் கெடு. அதற்கப்புறம் நகை ஏலத்துக்குப் போகலாம். ஜூலையில் வைத்தீர்கள், உங்கள் கடிதம் மே மாதக் கடைசியில் வந்திருக்கிறது.

வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைக்கச் சொல்லுவார்கள். அதைச் செய்யாதீர்கள், அடுத்த வருடமும் இதே இடத்தில்தான் நிற்பீர்கள். நகையை மீட்டு வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ மாற்றுங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் மாத வட்டி 1,000தான். மீட்பதற்கு ஒரு நாள் கைமாற்று வேண்டியிருக்கும், அதற்குக் கணவருடைய துணை இல்லாமல் முடியாது. வேறொரு சின்ன நகையை விற்றுக் கடனைக் குறைப்பதும் யோசிக்கத் தக்கதே. வட்டி தின்பதைவிட அது மேல்.

காணிக்கையை நிறுத்தச் சொல்லவில்லை. "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார் (இரண்டாம் நிருபம் 8:12). கடன் வாங்கிய பணம் இல்லாததில் சேரும். இரண்டு பேரும் உட்கார்ந்து, வருமானத்திலிருந்து ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். 500 என்றால் 500. அதற்கு மேல் போட வேண்டும் என்று பயம் நெருக்கும்போது ஏழு நாள் தள்ளிப் போடுங்கள். முதல் இரண்டு நாள் தாங்க முடியாததுபோல் இருக்கும், அப்புறம் தானாக இறங்கும். நடுவில் யாருக்காவது சளி பிடித்தால், டாக்டரிடம் கூட்டிப்போங்கள், உண்டியலிடம் வேண்டாம். தூக்கமில்லாமை இன்னும் இரண்டு மூன்று வாரம் நீடித்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416க்கு இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசுவார்கள்.

கணவரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். ஜெப நேரத்தில் வேண்டாம், பிள்ளைகள் முன்னாலும் வேண்டாம். சீட்டைக் கையில் கொடுத்து, தொகையை முதலில் சொல்லுங்கள்: "அம்மா போட்ட ஆரம் அடகுல இருக்கு, ஒரு லட்சத்து இருபதாயிரம், ஜூலையில் கெடு." இப்படிப் பேச்சு கெட்டுப்போவது பெரும்பாலும் "உங்களுக்காகத்தான் செய்தேன்" என்று ஆரம்பிப்பதால்தான். தொகை கடைசியில் வரும்போது அதுவரை சொன்னதெல்லாம் சாக்காகிவிடும். அவர் கோபப்படுவார். அது நியாயமான கோபம், பதில் பேசாமல் இருங்கள். கோபம் அடங்கிய பிறகு, அந்த ஓமான் கம்பெனி கடைசியில் அவரிடம் என்ன சொல்லி அனுப்பியது என்று கேளுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அதை இதுவரை நீங்கள் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை ஒரு வசனமும் சொல்லாதீர்கள்.