க்ரஞ்ச்பேங் இன்னும் ஓடுமா?

கேள்வி: பரணில் பழைய நெட்புக் ஒன்று கிடைத்தது. ஆட்டம் என்270 பிராசசர், 1 ஜிபி ரேம். ஒரு பென்டிரைவில், இப்போது நிறுத்தப்பட்டுவிட்ட க்ரஞ்ச்பேங் லினக்ஸ் என்ற இலகுவான ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் ‘வால்டார்ஃப்’ பதிப்பும் இருக்கிறது. போடலாமா?

பதில்: போடலாம், ஜோராக ஓடும். நெட்டில் இணைத்தால்தான் வம்பு. வால்டார்ஃப் 2013 மே மாதம் வந்தது, டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் 7-ஆம் பதிப்பின் மேல் கட்டியது. அந்த டெபியனுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2018 மே மாதத்தோடு நின்றுபோச்சு. அதிலுள்ள பிரவுசரில் பல தளங்கள் திறக்கவே திறக்காது. தளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழுக்கு ஏகப்பட்ட தளங்கள் நம்பியிருக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் பழைய ரூட் (அடிப்படை) சான்றிதழ் 2021 செப்டம்பரில் காலாவதியாகிவிட்டது, அதற்குப் பதில் வந்தது உங்கள் பழைய சிஸ்டத்துக்குத் தெரியாது. எப்படியோ திறந்துவிட்டாலும் பேங்க் பாஸ்வேர்டை மட்டும் அதில் தட்டிவிடாதீர்கள். நெட் இல்லாமல் டைப் அடிக்க, பாட்டுக் கேட்க என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இவ்வளவு பேர் விரும்பியதை ஏன் நிறுத்தினார்கள்? காசு பிரச்சினையா?

பதில்: அது ஏறக்குறைய ஒரே ஆளின் வேலை. இங்கிலாந்துக்காரர் பிலிப் நியூபரோ 2008-ல் உபுண்டு என்ற லினக்ஸை வைத்து ஆரம்பித்து, பிறகு டெபியனுக்கு மாறினார். 2015 பிப்ரவரியில் முடித்துக்கொண்டபோது அவர் காசைப் பற்றிப் புலம்பவில்லை. ஆரம்பித்த காலத்தில் இதற்கு ஒரு தேவை இருந்தது, இனி நேரடியாக டெபியனைப் போட்டுக்கொள்வதே பயனர்களுக்கு நல்லது என்பதுதான் அவர் கட்சி. வெறும் பாசத்துக்காக இழுத்துக்கொண்டே போகாமல் இப்படிச் சொல்லிவிட்டு விலகியது எனக்குப் பிடித்திருந்தது, இந்த லினக்ஸ் உலகத்தில் பாதிப் பேர் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகிறவர்கள்தானே.

கேள்வி: சரி, அந்தக் கறுப்புத் திரை, ஓரத்தில் ஷார்ட்கட் பட்டியல், இதெல்லாம் இப்போது எதில் கிடைக்கும்?

பதில்: அந்தப் பட்டியலைக் காட்டியது காங்கி என்ற சின்ன புரோகிராம். சூப்பர் கீயோடு (விண்டோஸ் படம் போட்ட கீ) டி அழுத்தினால் டெர்மினல், டபிள்யூ அழுத்தினால் பிரவுசர். ஐகான் ஒன்றும் கிடையாது, காலி இடத்தில் ரைட் கிளிக் செய்தால் மெனு வரும், அவ்வளவுதான். அந்த அலங்காரம் அப்படியே வேண்டுமென்றால் பன்சன்லேப்ஸ், க்ரஞ்ச்பேங் பிளஸ் பிளஸ் என்று இரண்டு வாரிசுகள் இருக்கின்றன. ஆனால் என்270 வெறும் 32-பிட் சிப், அதனால் எதை இறக்கினாலும் 32-பிட் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டெபியன் 13-ல் 32-பிட் இன்ஸ்டாலரையே எடுத்துவிட்டார்கள், ஆகவே உங்களுக்கு 12-தான்.

நானாக இருந்தால் வாரிசுகளையும் விட்டுவிடுவேன். டெபியன் 12-ன் சின்ன ஐஎஸ்ஓவை எடுத்து, எந்த டெஸ்க்டாப் வேண்டும் என்று இன்ஸ்டாலர் கேட்கும் இடத்தில் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, அப்புறம் எக்ஸ்ஆர்க் (திரையில் படம் காட்ட), ஓப்பன்பாக்ஸ் (விண்டோக்களுக்கு), டின்ட்2 (டாஸ்க்பார்), காங்கி, துனார் (ஃபைல்களைப் பார்க்க) ஐந்தையும் டெபியனின் இன்ஸ்டால் கட்டளையான ஆப்ட் வழியாக ஒரே வரியில் போட்டால் முக்கால்வாசி க்ரஞ்ச்பேங் வந்துவிடும். மீதிக் கால்வாசி நியூபரோவின் கான்ஃபிக் (அமைப்பு) ஃபைல்கள்தான். 1 ஜிபி ரேமில் பிரவுசர் திணறும், அதற்கு எந்த லினக்ஸும் மருந்தில்லை. இரண்டு டேபுக்கு மேல் திறக்காதீர்கள், மதர்போர்டு ஏற்றால் இன்னொரு ஜிபி போடுங்கள்.