பிக்கப்பில் கேரவன் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு குமுளி, போடிமெட்டு மலை ஏறலாமா?

கேள்வி கேட்டவரிடம் இசுசு வி-கிராஸ் பிக்கப் இருக்கிறது. 1,500 கிலோவுக்குள் வரும் கேரவன் டிரெய்லர் ஒன்றை வாங்கப் போகிறார். தேனியிலிருந்து குடும்பத்தோடு கேரளாவில் இருக்கும் வாகமன் போக வேண்டும். வண்டி இழுக்குமா, எந்த மலைப்பாதை நல்லது என்று கேட்டிருக்கிறார்.

நம்மூரில் கேரவன் என்றால் சினிமாக்காரர்களின் வேன்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது அது இல்லை. வண்டிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற, கட்டிலும் அடுப்பும் வைத்த சக்கர வீடு.

வண்டி இழுக்கும். அதில் சந்தேகமே வேண்டாம். 1.9 லிட்டர் டீசல் எஞ்சின், 163 குதிரைசக்தி, 360 நியூட்டன் மீட்டர் டார்க். டர்போ இருப்பதால் போடிமெட்டு உயரத்தில் காற்று மெலிவதும் பெரிதாகத் தெரியாது. நான் போடிக்காரன். இதே வண்டியில் என் மச்சினனின் டிரெய்லரை இரண்டு மலையிலும் ஏற்றி இறக்கியிருக்கிறேன். ஏறும்போது ஒரு முறைகூட வண்டி திணறவில்லை. என்னைப் பயமுறுத்தியது இறக்கம்தான். அதற்கு முன்னால் ஆண்டிபட்டி கணவாயிலும் ஒரு பாடம் கிடைத்தது. இரண்டையும் சொல்கிறேன், நீங்கள் கிளம்பும் முன் படித்துவிடுங்கள்.

மதுரையிலிருந்து டிரெய்லரைக் கொண்டுவந்த அன்று, ஆண்டிபட்டி கணவாய் தாண்டி இறக்கத்தில் 70 கிலோமீட்டர் வேகம் இருக்கும். பின்னால் யாரோ வண்டியின் வாலைப் பிடித்து இடதும் வலதுமாக ஆட்டுவதுபோல ஆரம்பித்தது. முதலில் லேசாக, அடுத்த இரண்டு விநாடியில் ஸ்டீயரிங்கே கையில் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த மச்சினன் "மாமா, பிரேக்கைப் போடுங்க" என்று கத்தினான். நல்லவேளை, போடவில்லை. அந்த நேரத்தில் பிரேக்கை மிதித்தால் முன்னால் வண்டி நிற்கும், பின்னால் டிரெய்லர் தள்ளும், கொக்கியில் இரண்டும் மடங்கிவிடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஆட்டத்துக்கு எதிர்ப்பக்கம் வெட்டாமல் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். வேகம் ஐம்பதுக்கு வந்ததும் தானாக அடங்கியது.

காரணம் மறுநாள் தெரிந்தது. போடி ஏலக்காய் ஊர். மூட்டை எடைபோடும் பிளாட்பாரத் தராசு எந்தக் கடையிலும் கிடைக்கும். தெரிந்தவர் கடையில் ஒன்றைக் கேட்டு வாங்கி, டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, கொக்கி உட்காரும் மூக்கைத் தராசின்மேல் வைத்தோம். 40 கிலோ காட்டியது. மொத்த டிரெய்லரும் எடை மேடையில் 1,450 கிலோ. மூக்கில் உட்காரும் பாரம் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் இருக்க வேண்டும். அதாவது எங்களுக்குக் குறைந்தது 145 கிலோ. தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, சாமான் பெட்டி எல்லாம் சக்கரத்துக்குப் பின்னால் இருந்ததுதான் கோளாறு. பின்பாரம் மூக்கைத் தூக்குகிறது. தூக்கினால் வால் ஆடும். பேட்டரியையும் பெட்டியையும் முன்னால் மாற்றி, தொட்டியைக் காலி செய்தோம். 160 கிலோவுக்கு வந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை ஆட்டம் இல்லை.

இந்த ஒரு வேலையைச் செய்யாமல் மலைப்பக்கம் போகாதீர்கள். ஒரு மணி நேர வேலை, தராசுக்கு யாரும் காசு கேட்க மாட்டார்கள். இன்னொரு கணக்கும் உண்டு. அந்த 160 கிலோ உங்கள் பிக்கப்பின் முதுகில்தான் உட்காருகிறது. ஐந்து பேர், பின்தொட்டியில் ஏற்றும் சாமான் எல்லாவற்றோடும் அதையும் கூட்டி, வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடைக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீரை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. அந்தப் பக்கம் போய் நிரப்பிக்கொள்ளலாம், கேரளாவில் தண்ணீருக்கா பஞ்சம்?

வெளிநாட்டு வீடியோவில் டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி வண்டி 3,500 கிலோ இழுக்கும் என்று சொல்வார்கள். ஆஸ்திரேலியாவில் அப்படித்தான் அனுமதி, பொய் இல்லை. ஆனால் அது சொந்தமாகப் பிரேக் உள்ள டிரெய்லருக்கு. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அதே வண்டிக்கு அங்கே 750 கிலோதான். இந்த இரண்டு எண்ணுக்கும் இடையே இருக்கிற தூரம்தான் நான் சொல்ல வருவது.

அடுத்தது போடிமெட்டு. சூரியநெல்லியில் சொந்தக்காரர் தோட்டத்தில் மூன்று நாள் டிரெய்லரைப் போட்டிருந்துவிட்டு இறங்கினோம். போடிமெட்டிலிருந்து முந்தல் வரை சுமார் 20 கிலோமீட்டர், 17 கொண்டை ஊசி வளைவு, ஏறக்குறைய 1,000 மீட்டர் இறக்கம். வண்டி, டிரெய்லர், ஆட்கள் எல்லாம் சேர்த்து 3,800 கிலோ. அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியாகும் சக்தி, ஒரு லிட்டர் டீசலை எரித்தால் வரும் சூட்டுக்குக் கிட்டத்தட்டச் சமம். 120 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அந்தச் சூடு எங்காவது போயாக வேண்டும். கியரில் இறக்கினால் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் நாலு சக்கரத்தின் பிரேக் லைனர்தான் அத்தனையையும் வாங்க வேண்டும்.

நான் இரண்டாவது கியரில்தான் இறக்கினேன். அப்படியும் பாதி மலையில் பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது. அடுத்த வளைவில் இன்னும் கீழே. ஜன்னல் வழியாக அந்த வாசம் வந்தது. மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும், கருகிய லைனர் வாசம். பழைய ரப்பரையும் துணியையும் சேர்த்து எரித்த மாதிரி மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அகலமான இடம் பார்த்து, முதல் கியருக்கு மாற்றி, மலையோரம் ஒதுக்கி நிறுத்தினேன். மச்சினன் குதித்து ஓடிக் கல் எடுத்துச் சக்கரத்துக்கு அடை கொடுத்தான். வண்டியின் பின்சக்கரத்து பிரேக் ட்ரம்மின் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அடுப்பு முன்னால் நிற்பதுபோல அனல் அடித்தது. டிரெய்லரின் ட்ரம்மைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

பின்னால் வந்த லாரி டிரைவர் நிறுத்தி இறங்கினார். மச்சினன் தண்ணீர்க் கேனைத் தூக்குவதைப் பார்த்ததும் சத்தம் போட்டார். "யய்யா, தண்ணி ஊத்திராதீக. ட்ரம்மு விட்டுப்போகும். ஹேண்ட் பிரேக்கையும் போடாதீக, கியர்ல போட்டு கல்லை மட்டும் வைங்க. ஒரு முக்கால் மணி நேரம் சும்மா கெடக்கட்டும்." பிறகு டிரெய்லரின் கொக்கிப் பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "இந்தப் பூட்டுப் பின் எதுக்குங்க இங்க கெடக்கு?" என்று கேட்டார்.

அந்தப் பின்தான் எல்லாவற்றுக்கும் காரணம். எங்கள் டிரெய்லரில் இருப்பது தள்ளு பிரேக். முன்வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலில் கொக்கித் தண்டு உள்ளே போய் டிரெய்லரின் பிரேக்கைப் பிடிக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது பிரேக் பிடித்துக்கொள்ளாமல் இருக்க அதற்கு ஒரு பூட்டுப் பின் உண்டு. டிரெய்லரைக் கட்டிக்கொடுத்த பட்டறையில் ரிவர்ஸ் எடுக்கப் போட்டவர்கள் கழற்றவே இல்லை. எங்களுக்கும் அது என்னவென்று சொல்லித் தரவில்லை. 1,450 கிலோவும் பிரேக்கே இல்லாமல் பட்டறையிலிருந்தே எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது. வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் பின்சீட்டில். இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

ஆகவே டிரெய்லர் வாங்கும்போது கட்டில், ஜன்னல், ஏசி எல்லாம் பிறகு பாருங்கள். முதலில் பிரேக்கைக் கேளுங்கள். பிரேக் இல்லாத டிரெய்லரை யார் கொடுத்தாலும் மலைக்கு வேண்டாம். எலெக்ட்ரிக் பிரேக் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. கேபினில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்கலாம். ஆட்டம் வந்தாலும் அதை லேசாகப் பிடித்தால் டிரெய்லர் நேராகிவிடும். தள்ளு பிரேக் என்றால் ஒன்று நினைவிருக்கட்டும். நீங்கள் கியரில் இறக்கினாலும் டிரெய்லர் தள்ளிக்கொண்டேதான் இருக்கும், அதன் பிரேக் லேசாகப் பிடித்தபடியே வரும். அதனால் நீண்ட இறக்கத்தில் நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும். பிரேக் ஆயிலையும் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் குடித்துவிட்டால் 155 வரை இறங்கலாம். பெடல் கீழே போவது இந்த ஆயில் கொதிப்பதாலும்தான்.

எந்தக் கியரில் ஏற்றுவீர்களோ அதே கியரில் இறக்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள். வேகம் 30 தாண்டும்போது அழுத்திப் பிடித்து 20க்குக் கொண்டுவந்து, முழுதாக விட்டுவிடுங்கள். காலைச் சும்மா பெடல்மேல் வைத்துக்கொண்டே வரக் கூடாது. ஆட்டோமேட்டிக் என்றால் டி-யில் விடாமல் மேனுவல் பக்கம் தள்ளி இரண்டில் பிடித்து வையுங்கள். ஏறும்போது எஞ்சினை 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்முக்குள் வைத்திருங்கள், அதில்தான் இந்த எஞ்சினின் முழு டார்க் இருக்கிறது. ஃபோர் வீல் இருக்கிறதே என்று காய்ந்த தார் ரோட்டுக் கொண்டை ஊசி வளைவில் போட்டு முறுக்காதீர்கள், இது பகுதிநேர ஃபோர் வீல், முன்னும் பின்னும் இழுபறியாகி பாகங்கள் தேயும்.

வளைவு திரும்புவது தனிக்கலை. டிரெய்லரின் சக்கரம் உங்கள் பின்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கம் வெட்டும். நமக்கு இடது பக்கம் ஓட்டம் என்பதால் இடது கை வளைவுதான் ஆபத்து. அங்கே நாம்தான் உள்பக்கம், டிரெய்லரின் இடது சக்கரம் ஓரத்து வடிகாலில் இறங்கிவிடும். வலதுபக்கம் நன்றாக ஒதுங்கி அகலமாக எடுத்தால்தான் தப்பும். அதற்கு எதிரே வண்டி இல்லை என்று தெரிய வேண்டும். இன்னொரு கார் கூட வந்தால் அதை ஒரு வளைவு முன்னால் போகச் சொல்லுங்கள். ஏறும் வண்டிக்குத்தான் வழி என்று விதி இருக்கிறது, ஆனால் அதை நம்பி வளைவில் நுழையாதீர்கள். வலது கை வளைவில் இடம் கிடைக்கும், ஆனால் டிரெய்லரின் வலது சக்கரம் எதிர்த் தடத்தில் ஏறும்.

இனி பாதை. வாகமனுக்குக் குமுளிதான். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஆறு கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் நானூறு ஐநூறு மீட்டர் ஏற்றம். போடிமெட்டைவிடச் சரிவு அதிகம், தூரம் குறைவு. மாதா கோவில் வளைவிலும் மற்ற கொண்டை ஊசிகளிலும் பொறுமையாக எடுங்கள். குமுளி பஸ் ஸ்டாண்ட் பக்கம் நெரிசலில் ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால், கிளட்சைப் பாதி மிதித்து வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், ஹேண்ட் பிரேக் போட்டுக் கிளப்புங்கள். குமுளி தாண்டி வண்டிப்பெரியார், பீர்மேடு, குட்டிக்கானம். அங்கே முண்டக்கயம் பக்கம் இறங்காமல் வலதுபக்கம் ஏலப்பாறை ரோடு பிடித்தால் வாகமன். கம்பம்மெட்டு பாதையில் டிரெய்லரோடு போக நான் சம்மதிக்க மாட்டேன்.

நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை வேண்டாம். சபரிமலை வண்டிகளால் பாதையே மாற்றிவிடுவார்கள், போகும் வண்டியைக் கம்பம்மெட்டு வழியாக அனுப்பிவிட்டு, திரும்பும் வண்டியைக் குமுளி வழியாக இறக்குவது வழக்கம். ஐப்பசி மழையில் போடிமெட்டில் பாறை சரிவதும் உண்டு. காலையில் ஏழு மணிக்கு முன்னால் தோட்டத்து ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு பறக்கும். அவர்கள் போன பிறகு, எட்டு எட்டரைக்கு மேல் அடிவாரத்திலிருந்து கிளம்புங்கள். பின்னால் வண்டி சேர்ந்தால் ஒதுங்கி விட்டுவிடுங்கள், அவர்களுக்கு அது தினசரி வேலைக்குப் போகிற பாதை.

டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண்ணும் இன்சூரன்ஸும் வேண்டும். சட்டப்படி அதுவும் ஒரு மோட்டார் வாகனம்தான். செக்போஸ்டில் எங்களிடம் இரண்டையும் கேட்டுப் பார்த்தார்கள். அப்புறம் டிரெய்லர் டயர் எவ்வளவு பழையது என்று பாருங்கள், ஓடாமல் வெயிலில் நின்ற டயர் பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும். சக்கரத்துக்கு அடை கொடுக்க நல்ல கட்டை நான்கு எடுத்துக்கொள்ளுங்கள், அவசரத்துக்குக் கல் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

டிரெய்லர் வந்ததும் மொத்த எடை, மூக்குப் பாரம், என்ன வகைப் பிரேக் என்ற மூன்றையும் இங்கேயே பின்னூட்டத்தில் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன். போடிப் பக்கம் வந்தால் தராசுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.