மார்க்கெட் ரிசர்ச் என்றால் ஃபார்ம் நிரப்புகிற வேலையா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் வணிகவியலும் வணிகக் கணிதமும் படிக்கிறாள். பி.காம். சேர்ந்து சி.ஏ. எழுதச் சொன்னால், "வாடிக்கையாளருக்கு என்ன தேவை என்று ஆராய்ந்து பொருளை வடிவமைக்கிற வேலைக்குத்தான் போவேன்" என்கிறாள். வீடு வீடாக ஏறி இறங்கி ஃபார்ம் நிரப்பவா இவ்வளவு படிக்க வைத்தோம் என்று அவள் அப்பா கவலைப்படுகிறார். இதில் எதிர்காலம் உண்டா? – ஒரு தாய், ஈரோடு.

பதில்: ஃபார்ம் நிரப்புகிற வேலையும் இந்தத் துறையில் இருக்கிறது. ஒரு பேட்டிக்கு இவ்வளவு என்று பேசிப் பணம் கொடுப்பார்கள். கல்லூரி மாணவர்கள் பலர் விடுமுறையில் அதைச் செய்கிறார்கள். உங்கள் மகள் கேட்பது அதற்கு மேலே உள்ள வேலையை. யாரிடம் கேட்பது, எதைக் கேட்பது, வந்த பதிலை வைத்துப் பொருளில் எந்தப் பாகத்தை மாற்றுவது என்று முடிவெடுக்கிற வேலை அது. அதற்குக் கணக்கும் வேண்டும், பொறுமையாகக் கேட்கிற காதும் வேண்டும். உங்கள் மகளுக்கு இரண்டும் இருக்கிறதா என்பதை, கல்லூரியில் பணம் கட்டும் முன்பு வீட்டிலேயே பார்த்துவிடலாம். எப்படி என்று சொல்கிறேன். இந்த வேலை என்ன என்பதும் அதிலேயே உங்களுக்குப் புரிந்துவிடும்.

உங்கள் சமையலறையில் இருக்கும் வெட் கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். புவிசார் குறியீடு பெற்ற கோவை கிரைண்டர் உங்கள் பக்கத்து ஊர்ப் பொருள்தான். ஒரு கம்பெனி 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரைப் புதிதாக வடிவமைக்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "உங்களுக்கு எப்படிப்பட்ட கிரைண்டர் வேண்டும்?" என்று பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் "விலை குறைவாக இருக்கணும், நல்லா உழைக்கணும்" என்பார்கள். இதை வைத்து இன்ஜினியரால் ஒரு ஸ்குரூவைக்கூட மாற்ற முடியாது.

அதனால் தெரிந்தவர் வீட்டில் மாவு அரைக்கும் நாளில், அனுமதி கேட்டுக்கொண்டு, உங்கள் மகளை அந்தச் சமையலறையில் உட்காரச் சொல்லுங்கள். ஊறிய உளுந்தைப் போடுவதிலிருந்து டிரம்மைக் கழுவிக் கவிழ்ப்பது வரை நடப்பதையெல்லாம் எழுத வேண்டும். தண்ணீரை எத்தனை தடவை தெளிக்கிறார், எப்போது கையை உள்ளே விட்டுப் பதம் பார்க்கிறார், கல்லைத் தூக்கும்போது மாவு எங்கே ஒழுகுகிறது, நடுத்தண்டைச் சுற்றி ஒட்டிய மாவை எதைக் கொண்டு வழிக்கிறார், டிரம்மை எந்தக் கையால் தூக்கி எவ்வளவு தூரம் நடக்கிறார், குழந்தை தூங்கும் நேரத்தில் மோட்டார் போடுகிறாரா, தள்ளிப்போடுகிறாரா. கேள்வி அதிகம் வேண்டாம். அவராகச் சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். "கல்ல எடுத்துக் கழுவறதுக்குள்ள இடுப்பே போயிருதுங்க" என்றால் அப்படியே. "பராமரிப்பு சிரமம்" என்று சுருக்கி எழுதினால் இடுப்பு காணாமல் போய்விடும். பொருளில் மாற்ற வேண்டிய இடம் அந்த இடுப்பில்தான் இருக்கிறது.

அடுத்து அந்தப் பேச்சைத் தேவையாக மாற்ற வேண்டும்: "அரைத்து முடித்ததும் ஒரே ஆள், குனியாமல், கல்லையும் டிரம்மையும் கழுவ முடிய வேண்டும்." இந்த வாக்கியத்தில் தீர்வு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பழகாதவர்கள் "எடை குறைந்த கல் வேண்டும்" என்று எழுதிவிடுவார்கள். அது ஒரு தீர்வு, அதுவும் சிக்கலான தீர்வு. கல்லின் எடை குறைந்தால் அரைபட நேரம் பிடிக்கும், மாவும் சூடாகும், உளுந்து பொங்கி வருவது கெடும். தேவையைத் தனியாக எழுதி வைத்தால், டிரம்மைச் சாய்க்கும் அமைப்பு, கல்லைப் பிடித்துத் தூக்கும் கைப்பிடி, கழற்றாமலே கழுவும் வழி என்று வேறு பாதைகளையும் இன்ஜினியர் யோசிக்க முடியும். கடைசியாகத் தேவையை அளவாக மாற்ற வேண்டும்: மோட்டாரை நிறுத்தியதிலிருந்து கழுவி முடிக்க எத்தனை நிமிடம், ஒரே தடவையில் தூக்க வேண்டியது எத்தனை கிலோ, வழித்த பிறகும் கல்லில் ஒட்டி வீணாவது எத்தனை கிராம். தேவைகளை ஒரு பக்கமும் இந்த அளவுகளை இன்னொரு பக்கமும் எழுதி, எது எதைப் பாதிக்கிறது என்று கட்டம் போட்டுப் பார்க்கும் முறைக்கு 'ஹவுஸ் ஆஃப் குவாலிட்டி' என்று பெயர். 1972-இல் மிட்சுபிஷியின் கோபே கப்பல் கட்டும் தளத்தில் தொடங்கிய முறை இது. எம்.பி.ஏ.விலும் தொழில் பொறியியலிலும் இன்றும் சொல்லித் தருகிறார்கள்.

இப்படி எத்தனை வீட்டுக்குப் போவது? ஒரே வகை வாடிக்கையாளர்கள் என்றால் 20 முதல் 30 தனிப் பேட்டிகளிலேயே தேவைகளில் சுமார் 90 சதவீதம் வெளியே வந்துவிடும் என்று கிரிஃபின், ஹவுசர் என்ற இரு ஆய்வாளர்கள் 1993-இல் எழுதினார்கள். துறையில் இன்றும் அந்தக் கணக்கை மதிக்கிறார்கள். உங்கள் மகளுக்கு 5 வீடு போதும். மூன்றாவது வீட்டுக்குள் சொன்னதே திரும்ப வரத் தொடங்கும். அப்போது அலுப்புத் தட்டுகிறதா, "இந்த அம்மா மட்டும் ஏன் வேறு மாதிரி செய்கிறார்?" என்று ஆர்வம் கூடுகிறதா என்று பாருங்கள். இந்த வேலைக்கு ஆள் பொருத்தமா என்பது அங்கேயே தெரியும்.

பேட்டியில் கெட்டுப்போகும் இடங்களையும் முன்பே சொல்லி அனுப்புங்கள். "சத்தம் தொந்தரவா இருக்குதுங்களா?" என்று கேட்டால், வந்த பிள்ளையின் மனம் நோகக் கூடாதே என்று "ஆமாங்கண்ணு" என்பார்கள். "போன தடவை அரைச்சப்ப என்ன ஆச்சுங்க?" என்று கேட்டால் உண்மை வரும். "விலையும் தரமும் திருப்தியா?" என்பது ஒரே மூச்சில் இரண்டு கேள்வி, பதில் எதற்கு என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. "இப்படி ஒண்ணு வந்தா வாங்குவீங்களா?" என்பதற்குக் கிடைக்கும் "வாங்குவேன்"களை அப்படியே கூட்டி உற்பத்தியைத் திட்டமிட்டால் குடோனில் சரக்குத் தேங்கும். முக்கியமாக, பதில் வராவிட்டால் ஐந்து விநாடி பேசாமல் இருக்கப் பழக வேண்டும். தானே பதிலை எடுத்துக் கொடுப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது.

எண்ணிக்கைக்கான கணக்கெடுப்பு இதற்குப் பிறகுதான் வருகிறது. இருபது வீட்டில் கண்டது எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று அறிய, முறையாகக் குலுக்கி எடுத்த 385 பேர் இருந்தால் 95 சதவீத நம்பகத்தில் (இதே கணக்கெடுப்பை நூறு முறை நடத்தினால் சுமார் 95 முறை) பிழை கூட்டியோ குறைத்தோ 5 சதவீதத்துக்குள் நிற்கும். பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 1,540 பேர். 400 பேரை எடுத்துவிட்டு, "ஈரோடு, சேலம், மதுரை, திருச்சி தனித்தனியாகச் சொல்லுங்கள்" என்றால் ஊருக்கு 100 பேர்தான் வருவார்கள், பிழை 10 சதவீதத்துக்கு ஏறிவிடும். இதைப் பட்ஜெட் போடும் கூட்டத்திலேயே எழுந்து சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இங்கே மதிப்பு. ஆகவேதான் புள்ளியியலை விடவே கூடாது என்கிறோம்.

ஆட்களை எவ்வளவு கூட்டினாலும் கேள்வி தப்பாக இருந்தால் பயனில்லை. கோகோ கோலா நிறுவனம் சுமார் 2 லட்சம் பேரிடம் சுவைச் சோதனை நடத்தி, 1985 ஏப்ரல் 23 அன்று அமெரிக்காவில் புதிய கோக்கை அறிமுகப்படுத்தியது. 79 நாட்களில் பழையதைத் திரும்பக் கொண்டுவர நேர்ந்தது. புதியது பழையதைவிட இனிப்பானது. ஒரு மடக்குக் குடிக்கும்போது இனிப்பு கூடியது பெரும்பாலும் ஜெயிக்கும், முழு பாட்டில் குடிக்கும்போது அப்படியில்லை. புதியது வந்தால் பழையது போய்விடும் என்பதும் சுவைத்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. மறுபக்கம், சீனாவின் சிச்சுவானில் 1996-இல் ஒரு விவசாயி, வாஷிங் மெஷினில் குழாய் அடைக்கிறது என்று ஹையர் நிறுவனத்திடம் புகார் செய்தார். போய்ப் பார்த்தால், அதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு கழுவியிருக்கிறார். "துணி மட்டும் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நிறுவனமோ அகலமான குழாயுடன் கிழங்கும் கழுவக்கூடிய மெஷினை 1998-இல் கொண்டுவந்தது. உங்கள் மகள் செய்ய ஆசைப்படும் வேலை இதுதான்.

இனி படிப்பு. என் முதல் பரிந்துரை பி.எஸ்சி. புள்ளியியல். வணிகக் கணிதத்தை ஏற்கும் கல்லூரிகளும் உண்டு, பொதுக் கணிதம்தான் வேண்டும் என்கிற கல்லூரிகளும் உண்டு. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் தகுதிப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். அது அமையாவிட்டால் பொருளாதாரம், உளவியல், அல்லது புள்ளியியல் தாள்கள் உள்ள பி.காம். போதும். பிறகு எம்.பி.ஏ.வுக்கு கேட் (CAT) அல்லது தமிழ்நாட்டின் டான்செட் நுழைவுத் தேர்வை எழுதலாம். விளம்பரம், வாடிக்கையாளர் ஆய்வு ஆகியவற்றையே மையமாக வைத்துப் படிக்க வேண்டுமென்றால் அகமதாபாத்தில் மைக்கா (MICA) என்ற கல்வி நிறுவனம் இருக்கிறது. வரைவதிலும் செய்து பார்ப்பதிலும் மகளுக்குக் கை வருமென்றால் இன்னொரு வழி, டிசைன் படிப்பு. ஐ.ஐ.டி.க்களின் பி.டெஸ். (டிசைன் இளநிலைப் பட்டம்) சேர்க்கைக்கு ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் யுசீட் தேர்வை எந்தப் பிரிவு மாணவரும் எழுதலாம், ஆனால் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறைக்கு மேல் எழுத முடியாது. தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.க்கு (NID) தனித் தேர்வு. எந்தக் கல்லூரியானாலும் "அதிகபட்ச சம்பளம்" என்று போட்டிருக்கும் போஸ்டரை விட்டுவிடுங்கள். சென்ற ஆண்டு வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்று கேளுங்கள்.

வேலை மூன்று இடங்களில் கிடைக்கும். நீல்சன்ஐக்யூ, கான்டார், இப்சோஸ் போன்ற ஆய்வு நிறுவனங்களில் ரிசர்ச் எக்ஸிகியூட்டிவாகத் தொடங்கலாம். ஷாம்பு, மசாலா, மிக்ஸி, ஸ்கூட்டர் செய்யும் கம்பெனிகளின் உள்ளேயே நுகர்வோர் ஆய்வுப் பிரிவு இருக்கும். சென்னை, பெங்களூரு மென்பொருள் நிறுவனங்களில் இதே வேலைக்கு யூஎக்ஸ் (பயனர் அனுபவ) ரிசர்ச்சர் என்று பெயர். அறிக்கையை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும், அதற்கு இப்போதிருந்தே தினம் ஒரு பக்கம் எழுதிப் பழகட்டும். ஆனால் ஈரோட்டுச் சமையலறையில் ஒரு அம்மாவைத் தயங்காமல் பேச வைப்பதற்கு மும்பையிலிருந்து வருபவரால் முடியாது. நம் ஊர்ப் பேச்சு தெரிந்தது இந்தத் தொழிலில் நேரடித் தகுதி. பேட்டியை எழுத்தாக்குவது, அட்டவணை போடுவது போன்ற வேலைகளை ஏஐ இப்போதே எடுத்துக்கொண்டுவிட்டது. அதை மட்டும் தெரிந்து வைத்திருப்பவர்களுக்குச் சிரமம்தான்.

ஆகவே பொதுத்தேர்வு முடிந்ததும் 5 வீட்டு கிரைண்டர் வேலையை முடித்து, 6 பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்: பார்த்தது, அவர்கள் சொன்னது, தேவைகள், அளவுகள், தான் மாற்ற நினைக்கும் ஒரே ஒரு பாகம், அதற்கான காரணம். யாருடைய பெயரோ போன் நம்பரோ அதில் இருக்கக் கூடாது. ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் கேட்டுவிட்டே செய்ய வேண்டும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைப் பேட்டி எடுத்தால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். வீடுகளில் பேசியது பிடித்து, அளவெடுத்து அட்டவணை போட்டது பிடிக்கவில்லை என்றால் டிசைன் அல்லது உளவியல் பக்கம் யோசியுங்கள். அட்டவணை மட்டும் பிடித்து, பேச்சு பிடிக்கவில்லை என்றால் நீங்கள் சொல்லும் சி.ஏ.வே நல்ல தேர்வு. சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வு 2024 முதல் ஆண்டுக்கு 3 முறை நடக்கிறது. இந்தச் சோதனைக்காக ஒரு மாதம் ஒதுக்கினாலும் அந்த வாய்ப்பு கைவிட்டுப் போகாது என்று மகளின் அப்பாவிடம் சொல்லுங்கள்.