உயிரியல் பாடத்தில் மாணவர்களுக்கு ஆர்வம் வர என்ன செய்யலாம்?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் அருகே ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். மாணவர்களில் பெரும்பாலோர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். ஆனாலும் உயிரியல் என்றாலே மனப்பாடம் என்று சலித்துக்கொள்கிறார்கள். ஆய்வகத்தில் இருப்பது ஒரே ஒரு நுண்ணோக்கி. பெற்றோரோ, டாக்டர் சீட்டு கிடைக்காவிட்டால் உயிரியல் படித்து என்ன பயன் என்று கேட்கிறார்கள். பாடத்தை முடிக்க வேண்டிய நெருக்கடிக்கு நடுவில் ஆர்வத்தை எப்படி வளர்ப்பது?

பதில்: தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லையும் மஞ்சளையும் வாழையையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, எந்தப் பயிரில் எப்போது பூச்சி விழும், பட்டியில் எந்த ஆடு சினையாக இருக்கிறது என்பதெல்லாம் தெரியும். வகுப்பில் அந்த அறிவுக்கு இடமில்லாதபோது, உயிரியல் அவனுக்கு வெறும் சொற்பட்டியலாகிவிடுகிறது. நம் பாடவேளைகள் பெரும்பாலும் வரையறையில் தொடங்கி, படத்துக்கு வந்து, நேரமிருந்தால் பொருளைக் காட்டி முடிகின்றன. இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்பதே என் முதன்மையான ஆலோசனை: முதலில் பொருள், அடுத்து மாணவர்களின் கேள்வி, கடைசியில் கலைச்சொல்.

பத்தாம் வகுப்பில் வரும் இரட்டைக் கருவுறுதலை எடுத்துக்கொள்வோம். விதைக்குள் கருவுக்கு உணவாகும் திசுவைக் குறிக்கும் ‘கருவூண்’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன், தோப்பில் விழுந்து முளைவிட்ட தேங்காய்கள் மூன்றை வெவ்வேறு வளர்ச்சி நிலைகளில் கொண்டுவரச் சொல்லுங்கள். அவற்றை நீங்களே, அல்லது பழக்கப்பட்ட பெரியவர் ஒருவரைக் கொண்டு, மாணவர்கள் முன்னிலையில் உடைத்து வரிசையாக வையுங்கள். முதல் காயில், கண்ணுக்கு உட்புறம் சுண்டைக்காய் அளவில் ஒரு வெண்ணிற உருண்டை ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவதில் அது பாதிக் குழியை அடைத்திருக்கும். அடியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியிருக்கும். மூன்றாவதில் தண்ணீரே இருக்காது. பஞ்சு போன்ற தேங்காய்ப்பூ குழி முழுவதையும் நிறைத்துப் பருப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். இந்தப் பூ எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தண்ணீர்தான் உறைந்து பூவாகிவிட்டது என்று பலர் சொல்வார்கள். உடனே திருத்த வேண்டாம். தண்ணீர் உறைந்தது என்றால் அது ஏன் எப்போதும் கண்ணோடு ஒட்டியே வளர்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு, எல்லோருடைய ஊகங்களையும் எழுத வையுங்கள்.

அதன்பின் விளக்கம் தானாக இடம் பிடிக்கும். தேங்காய்ப்பூ என்பது கருவின் வித்திலை, அதாவது விதைக்குள் இருக்கும் முதல் இலை. அது உள்நோக்கி வளர்ந்து, நொதிகளைச் சுரந்து, பருப்பிலும் தண்ணீரிலும் உள்ள உணவை உறிஞ்சி, முளைக்குருத்துக்கும் வேருக்கும் அனுப்புகிறது. இளநீர் என்பது, செல்சுவர் உருவாகாமல் உட்கருக்கள் மிதந்துகொண்டிருக்கும் நீர்மக் கருவூண். பருப்பு என்பது செல்சுவர் உண்டான கருவூண். இரண்டுமே, ஓர் ஆண் கேமீட் (ஆண் இனச்செல்) முட்டையுடனும் மற்றொன்று சூலுக்குள் இருக்கும் துருவ உட்கருக்களுடனும் இணையும் இரட்டைக் கருவுறுதலின் விளைவு. இத்தனை நாள் சாலையோரத்தில் வாங்கித் தின்ற பொருளுக்குள் பாடம் இருப்பதைக் கண்ட மாணவருக்கு, ‘கருவூண்’ என்ற சொல் ஏற்கெனவே பார்த்த ஒன்றின் பெயராகிவிடும்.

மஞ்சள் உங்கள் ஊரில் தட்டுப்பாடில்லாத பொருள். விதைமஞ்சள் ஒன்றைக் கையில் கொடுத்து, இது வேரா தண்டா என்று கேளுங்கள். கணுக்கள், கணுக்களைச் சுற்றிய செதிலிலைத் தடங்கள், கணுவில் உட்கார்ந்திருக்கும் மொட்டு ஆகியவற்றை மாணவர்களே கண்டுபிடித்துத் தண்டு என்ற முடிவுக்கு வர முடியும். கிழங்கிலிருந்தே நடுவதால் வயல் முழுவதும் ஏறத்தாழ ஒரே மரபுத்தன்மை கொண்ட செடிகள் நிற்கின்றன என்பதையும், அதனால் ஒரு செடியைத் தாக்கும் நோய் மற்றவற்றையும் எளிதில் தாக்கக்கூடும் என்பதையும் அங்கிருந்தே விளக்கலாம். பச்சை மஞ்சளைச் சுரண்டி, ஒரு துளி நீரிலும் ஒரு துளி அயோடினிலும் வைத்துப் பார்த்தால் மாவுமணிகள் நீலக்கறுப்பாகத் தெரியும். நுண்ணோக்கி ஒன்றுதான் என்றால் நாற்பது பேரை வரிசையில் நிறுத்தாதீர்கள். கண்ணருகு லென்ஸின்மேல் செல்போன் கேமராவைப் பொருத்திப் படமெடுத்து, பள்ளியில் உள்ள கணினித் திரையில் காட்டுங்கள். பணம் கிடைத்தால் இரண்டாவது நுண்ணோக்கியை விடப் பத்துக் கைலென்ஸ்கள் வாங்குவதையே நான் விரும்புவேன், ஏனென்றால் அவை மாணவர்களோடு வயலுக்கே போகும்.

சூழலியலுக்கு இந்த வட்டாரமே ஒரு பாடம் வைத்திருக்கிறது. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி, இந்தியாவில் முதன்முதலாக 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளியோடு நில்லாமல் மல்பெரியையும் மரவள்ளியையும் அது வெள்ளையடித்ததுபோல் மூடியது. மெழுகுப் பூச்சு உடலைக் காத்ததால் மருந்து சரியாக ஒட்டவில்லை. மருந்து தெளித்த இடத்தில் நன்மை செய்யும் பூச்சிகளும் மடிந்தன. மல்பெரியிலோ, அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழு செத்துவிடும் என்பதால் தெளிக்கவே தயங்க வேண்டியிருந்தது. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டன. அவற்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட, அதன் புழு உள்ளிருந்தே தின்று பூச்சியை வெறுங்கூடாக்கியது. தாக்குதல் பெருமளவு அடங்கியது.

உங்கள் மாணவர்கள் அப்போது பிறந்திருக்க மாட்டார்கள். அவர்களுடைய பெற்றோருக்கும் அப்பாருக்கும் அம்மிச்சிக்கும் நினைவிருக்கும். அந்த ஆண்டுகளில் தோட்டத்தில் என்ன நடந்தது, என்ன தெளித்தார்கள், எப்போது சரியானது என்று வீட்டில் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். உணவுச்சங்கிலியும் உயிரியல் கட்டுப்பாடும் அந்தப் பக்கங்களிலேயே கிடைத்துவிடும். இன்றும் எங்கேனும் பப்பாளி இலையில் மாவுப்பூச்சி தென்பட்டால், அந்த இலையை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய வெள்ளைத் துணியால் இறுகக் கட்டி, இரண்டு வாரம் கைலென்ஸால் கவனிக்கலாம். குளவி வெளியேறிய துளையோ, குளவியோ கண்ணில் படக்கூடும். படாவிட்டாலும் அதுவும் ஒரு பதிவுதான் என்று எழுதவைப்பது முக்கியம்.

தேர்வைப் பற்றிய கவலை நியாயமானது. ஒரு நோட்டில் தேதியிட்டு, புத்தகப் படத்தைப் பார்க்கும் முன்பே பொருளைப் பார்த்து வரையவும், பிறகு புத்தகப் படத்தோடு ஒப்பிட்டுத் தாம் விட்டதைத் திருத்தவும் பழக்குங்கள். இப்படி வரைந்த படம் தேர்வில் மறப்பதில்லை. எல்லாப் பாடங்களுக்கும் இதைச் செய்ய நேரம் இருக்காது. மாதத்துக்கு ஒரு பொருள் என்றாலே போதும்.

வெளியே அழைத்துச் செல்வதானால் ஒரு நாளில் ஓர் இடம், ஓர் இடத்துக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலமானால் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் உங்களுக்கு அருகில் இருக்கிறது. கோயம்புத்தூர் போனால் வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சிகள் அருங்காட்சியகமோ, 1902-இல் தொடங்கப்பட்ட கேஸ் வன அருங்காட்சியகமோ, இரண்டில் ஒன்று போதும். முன் அனுமதி பெற்றுச் செல்லுங்கள். ஓர் எச்சரிக்கையும் வேண்டும்: கிளி, மயில் முட்டை, பாம்பு என எதையும் பிடித்துவர மாணவர்களை ஒருபோதும் ஊக்குவிக்கக் கூடாது. ஆபத்து ஒருபுறமிருக்க, 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமும் ஆகும்.

பெற்றோர் கூட்டத்தில், மருத்துவம் தவிர்த்த படிப்புகளை ஊர்ப் பெயரோடு சொல்லுங்கள்: நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி, மேட்டுப்பாளையத்தில் வனவியலும் பட்டுவளர்ப்பும், கோயம்புத்தூரில் வேளாண்மையும் தோட்டக்கலையும். மாநில ஒதுக்கீட்டில் இவற்றுக்கான சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் நடந்துவருகிறது. நீட் தேர்வு குறித்த அச்சத்தால் மட்டுமே உயிரியலைக் கைவிட வேண்டியதில்லை. விதிகள் மாறக்கூடியவை என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைக் கூட்டத்துக்கு முன்பே பார்த்து, அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதினோராம் வகுப்பில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் இதைச் சொல்வதை விட, ஒன்பதாம் வகுப்பின் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.